ஷட்டரை எல்லாரும் சேந்து இறக்குவோம்: எங்க சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அண்ணாச்சிக்கும், செயலாளர் அண்ணனுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், நம்ம சிறுதொழில் சங்கத்துல இருக்குற எல்லா அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

பாதிப் பேருக்கு என்னையத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்லிர்றேன், வில்லாபுரம் பக்கம் அப்பளம் போடுறவ நான். மாடியில ஒரு ஷெட்டு, கீழ மாவு பெசையுற மிஷினு, எட்டு பொம்பளைங்க வேலைக்கு வாராங்க, இன்னும் கொஞ்சப் பேரு மாவு உருண்டைய வீட்டுக்கு வாங்கிட்டுப் போயி தேச்சுக் குடுப்பாங்க, எங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோவுல கீழமாசி வீதிக்கும் ஓட்டல்களுக்கும் சரக்குப் போடுவாரு. பன்னெண்டு வருசமா இதுதான் எங்க பொழப்பு. கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுற பழக்கம் எனக்கில்ல, மைக்கப் பாத்தாலே தொண்டை அடைச்சுக்கும், அதான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிப் போடுறேன்.

போன ஆண்டு விழாவுல ஒரு பெரியவருக்குப் பொன்னாடை போத்துனோம்ல, 31 வருசத்துல, ஊரே அடைச்ச நாளத் தவிர, ஒரு நாள் கூட கடைய அடைச்சதே இல்லைன்னு மைக்ல சொன்னதும் மண்டபமே கை தட்டுச்சு, நானும்தான் தட்டுனேன், மனசாரத்தான் தட்டுனேன். அவரு மேடையில இருந்து எறங்கி வந்து எனக்குப் பக்கத்து சேர்ல உக்காந்தாரு. கொஞ்ச நேரம் அந்தப் பொன்னாடைய மடிச்சுக்கிட்டே இருந்துட்டு, "ஏம்மா, எம் மூத்தவன் கல்யாணத்தன்னைக்கும் காலையில கடையத் தொறந்து வச்சுட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன், போறதுக்குள்ள தாலி கட்டி முடிச்சுட்டாங்க"ன்னாரு. பெருமையா சொல்லல. யார்கிட்டயாவது சொல்லணும்னு ரொம்ப நாளா வச்சிருந்த மாதிரி சொன்னாரு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, சாப்புட்டீங்களாய்யான்னு மட்டும் கேட்டேன்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல. எதுக்கு நாம கை தட்டுனோம்னு யோசிச்சுக்கிட்டே கெடந்தேன். கடைய அடைக்காததுக்கா, இல்ல மகன் கல்யாணத்தப் பாக்காததுக்கா?

எங்கதையும் அதேதான். வெள்ளன நாலரைக்கு எந்திரிச்சா ராத்திரி ஒம்பது, ஒம்பதரை ஆகும், நடுவுல சாப்பாட்டு நேரத்தக் கழிச்சாலும் பதினாலு மணி நேரம், ஞாயித்துக்கிழமையும் சேத்து வாரத்துக்கு தொண்ணூத்தெட்டு. 2023ல இன்போசிஸ் நாராயணமூர்த்தி ஐயா வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு சொன்னது பெரிய பேச்சா ஓடுனப்ப நம்ம வாட்ஸ்அப் குரூப்ல என்ன போட்டோம்? "எழுபதா, நாங்க நூறு பாக்குறோம்"னு போட்டோம். நானும் ஒரு கைத்தட்டல் பொம்மை போட்டேன். அதுல என்னா பெருமைன்னு இப்பத்தான் கேக்குறேன்.

வேலை பாக்குறது கூட எனக்குப் பெரிய கஷ்டமாத் தெரியல அண்ணாச்சி, வேலை பாக்காம இருக்குறதுதான் கஷ்டமா இருந்துச்சு. அதத்தான் நம்மள்ல யாரும் பேசுறதில்ல. ஒரு மத்தியானம் செத்த நேரம் தலையச் சாச்சாக் கூட நெஞ்சுக்குள்ள என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி ஒரு உறுத்தல், மாடியில எட்டுப் பேரு தேச்சுக்கிட்டு இருக்காங்க நீ படுத்துக் கெடக்கியேன்னு, சொசைட்டி லோன் இருக்கேன்னு, எதுத்த வீதியில புதுசா ஒருத்தன் மிஷின் எறக்கிட்டானேன்னு. சரின்னு எந்திரிச்சு வேலைக்குப் போனா, பிள்ளை ஸ்கூல்ல இருந்து வந்து தானாப் போட்டுச் சாப்புட்டுட்டு இருக்கும், அதப் பாத்தா அதுக்கொரு உறுத்தல். வேலை பாத்தாலும் குத்துது, பாக்காட்டாலும் குத்துது. ஆம்பளைங்களுக்கும் இது இருக்குன்னு அந்தப் பெரியவரு சொன்னதுல இருந்து தெரிஞ்சுக்கிட்டேன், பொம்பளைங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல குத்தும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மதுரையில பொறந்து மதுரையிலயே வாக்கப்பட்டவ நான், ஆறு வருசமா அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்கல. 2020லயும் 2021லயும் கொரோனாவால ஜனங்க யாருக்குமே அந்தக் குடுப்பினை இல்ல, அத விட்டுருங்க. மத்த வருசமெல்லாம் என்னா கேடு? வில்லாபுரத்துல இருந்து வைகை எம்புட்டு தூரம்? வெளியூருக்காரங்க வண்டி கட்டி வந்து ராத்திரியெல்லாம் ஆத்துக்குள்ள படுத்துக் கெடந்து பாக்குறாங்க, நான் பாக்கெட் ஒட்டிக்கிட்டே டீவியில பாத்துட்டு அங்கிட்டே திரும்பி ஒரு கும்புடு போட்டேன். முகூர்த்த ஆர்டரு. சித்திரை வெயிலு நமக்கு வரம், அந்த வெயில விட்டா ஐப்பசி மழைக்கு சரக்கு இருக்காதுன்னு ஓடுறோம். அதுல பொய் இல்ல. ஆனா ஒரு காலையில மூணு மணி நேரம் நான் இல்லாட்டி அப்பளம் காயாதா? நானா காயப்போடுறேன், வெயிலு காயப்போடுது.

இப்ப நடந்த ரெண்டு விசயத்தச் சொல்றேன், இந்த மடல் எழுதவே அதுதான் காரணம்.

ஒண்ணு, தை மாச முகூர்த்த சமயம், நாலு நாளா தூக்கம் சரியில்ல, வெள்ளன மாவு பெசையும்போது அப்பளக் காரத்தப் போட்டுட்டு, போட்டமா போடலையான்னு மறந்து திரும்பவும் போட்டுட்டேன். நாப்பது கிலோ மாவு. பொரிச்சுப் பாத்தா செவசெவன்னு போயி வாயில வச்சா எரியுது, ஒண்ணும் பண்ண முடியல, அம்புட்டும் வீண். வேலைக்கு வர்ற ஒரு அக்கா, எனக்கு மூத்தவங்க, சத்தமே போடாம, "தாயி, நீ தூங்கியிருந்தா இந்த மாவு தங்கியிருக்கும்"னாங்க. அன்னைக்குத்தான் முதல்முறையா கணக்குப் போட்டுப் பாத்தேன், அந்த நாலு நாளு ராத்திரி கூடுதலா முழிச்சு வேலை பாத்ததுல வந்த காச விட இதுல போனது அதிகம்.

ரெண்டாவது, அதுக்கப்புறமும் நான் திருந்தல. விரகனூர் ரிங் ரோட்டுல டிவிஎஸ் எக்ஸெல்லுல வந்துக்கிட்டு இருக்கேன், ராத்திரி பத்து மணி இருக்கும், கண்ணு ஒரு நொடி சொக்கிருச்சு. முழிச்சுப் பாத்தா வண்டி ரோட்ட விட்டு எறங்கி மண்ணுல ஓடுது, பின்னாடி வந்த லாரிக்காரரு ஹாரன அமுக்கிட்டே போறாரு. ஓரமா நிறுத்திட்டு கால் நடுக்கம் அடங்குற வரைக்கும் நின்னேன்.

அதுக்கப்புறம் எம் பொண்ணு, பிளஸ் டூ படிக்கிறா, போன்ல தேடிப் படிச்சுச் சொன்னா. 1997ல ஆஸ்திரேலியாவுல ரெண்டு ஆராய்ச்சியாளருங்க சோதிச்சுப் பாத்திருக்காங்க, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்குற ஆளோட கை கண்ணு நிதானம், ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் இருக்குறவரோட நிதானம் மாதிரி ஆயிருதாம். நம்ம ஊருல போலீஸ் ஊதச் சொல்லிப் பிடிக்கிறாங்கள்ல, அந்த அளவு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், அதாவது 0.03. அப்பன்னா நாலரைக்கு எந்திரிச்சு ராத்திரி பத்து மணிக்கு வண்டி ஓட்டுன நான் குடிச்சுட்டு ஓட்டுனவ மாதிரிதான. குடிச்சுட்டு மெஷின் பக்கம் வந்தா யாரா இருந்தாலும் வெளிய போன்னுருவேன். தூங்காம வந்தா சபாஷ்ங்குறோம்.

இன்னொன்னும் அவதான் காமிச்சா. முதல் உலகப் போர் சமயத்துல பிரிட்டன்ல பீரங்கிக் குண்டு செய்யுற தொழிற்சாலைகள்ல வேலை பாத்தவங்களோட கணக்கு, அதுல பெரும்பாலும் பொம்பளைங்க, வாரத்துக்கு எத்தன மணி நேரம் பாத்தாங்க எத்தன உருப்படி செஞ்சாங்கன்னு அப்பவே எழுதி வச்சிருக்காங்க. அத எடுத்து ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் பென்கவெல் 2014ல ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. வாரத்துக்கு 50 மணி நேரத்தத் தாண்டுனா ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிடைக்கிற உருப்படி கொறைய ஆரம்பிக்குது, 70 மணி நேரம் பாத்தவங்க செஞ்சதும் 56 மணி நேரம் பாத்தவங்க செஞ்சதும் கிட்டத்தட்ட ஒண்ணுதானாம். ஞாயித்துக்கிழமை லீவு இல்லாம பாத்த வாரங்கள்ல அதுலயும் கொறைஞ்சிருக்கு. அந்தப் பதினாலு மணி நேரம் எங்க போச்சு? என்னோட நாப்பது கிலோ மாவு போன எடத்துக்குத்தான் போச்சு.

உடம்பு விசயமும் சொல்லிர்றேன், ஏன்னா நம்ம சங்கத்துல போன ரெண்டு வருசத்துல யார் யாருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க, யாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், நான் பேரு சொல்ல வேண்டியதில்ல. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதுக்கு மேலயும் வேலை பாக்குறவங்களுக்கு, 35ல இருந்து 40 மணி நேரம் பாக்குறவங்கள விட பக்கவாதம் வர்ற அபாயம் 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு மாதிரி இதய நோயில சாகுற அபாயம் 17 சதவீதம் அதிகம். 2016ல மட்டும் உலகம் பூரா 7 லட்சத்து 45 ஆயிரம் பேரு இப்பிடி நெடுநேர வேலையால செத்திருக்காங்கன்னு கணக்கு. 55ன்னுதான் சொல்றாங்க அண்ணாச்சி. நம்ம நூறுன்னு பெருமை பேசுனோம்.

சரி, இதெல்லாம் தெரிஞ்சு என்ன பண்ணேன்னு கேப்பீங்க. ஞாயித்துக்கிழமை லீவு விட்டுப் பாத்தேன். மூணு வாரந்தான் தாக்குப் பிடிச்சேன். முதல் ஞாயிறு காலையில எட்டு மணிக்கே ஒரு மளிகைக் கடை அண்ணன் போன் போட்டு, "என்னம்மா, லீவா? பரவாயில்ல, பக்கத்துல வாங்கிக்கிறேன்"னாரு. அவரு ஒண்ணும் தப்பாச் சொல்லல, அவரு கடையும் தொறந்திருக்கு, அவருக்குச் சரக்கு வேணும். ஆனா அந்த "பக்கத்துல வாங்கிக்கிறேன்" இருக்கே, அது அன்னைக்குப் பூரா காதுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. கறிக்கொழம்பு வச்சு வச்ச வாக்குல இருக்கு, போன கையில பிடிச்சுக்கிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்குறேன். நாலாவது வாரம் தொறந்துட்டேன். தொறந்ததும் மனசு லேசாச்சுன்னா பாத்துக்கங்க, அம்புட்டு தூரம் போயிருக்கு.

அங்கதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. இது எம் மனசுல இருக்குற கோளாறு மட்டும் இல்ல. நான் மட்டும் அடைக்கிறேன், எல்லாரும் தொறந்திருக்காங்க, அதுதான் குத்துது. தியானம் பண்ணு, நேரத்தத் திட்டம் போடு, காலையில நடன்னு நம்ம கூட்டத்துக்கு வந்து பேசிட்டுப் போற பயிற்சியாளருங்க சொல்றாங்க, நல்ல விசயந்தான், ஆனா தனி ஆளா நான் எம்புட்டு தியானம் பண்ணாலும் அந்தப் போன் வரத்தான செய்யும்.

2020 மார்ச்ச நெனச்சுப் பாருங்க. ஊரடங்குன்னு ஒரே நாள்ல அம்புட்டு ஷட்டரும் எறங்குச்சு. பயந்தோம், காசுக்கு என்ன பண்றதுன்னு அழுதோம், சிலபேரு அப்ப வாங்குன கடன இன்னும் கட்டுறோம். அந்தக் காலம் திரும்ப வேணாம். ஆனா நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, கடைய அடைச்சுட்டோமேன்னு அன்னைக்கு யாருக்காவது குத்த உணர்ச்சி இருந்துச்சா? இல்ல. ஏன்னா எல்லாரும் அடைச்சிருந்தோம்.

நம்ம ஊருலயே இதுக்கு வழி தெரிஞ்சவங்க இருக்காங்க. சலூன் கடைக்காரங்களப் பாருங்க, செவ்வாக்கிழமை லீவுன்னா லீவு. எந்தக் கஸ்டமரும் கோவிச்சுக்கிட்டு வேற சலூனுக்குப் போறதில்ல, ஏன்னா வேற சலூனும் அடைச்சிருக்கும், மக்களுக்கும் அது பழகிப் போச்சு, திங்கக்கிழமையே முடி வெட்டிக்கிறாங்க. அமாவாசைன்னா கொத்தனாரும் ஆசாரியும் வேலைக்கு வரமாட்டாங்க, வீடு கட்டுறவங்க யாராச்சும் அதுக்குச் சண்ட போட்டுப் பாத்திருக்கீங்களா? திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு எங்கெங்கயோ முனியாண்டி விலாஸ் ஓட்டல் நடத்துறவங்க கடைய மூடிட்டு குடும்பத்தோட வந்து சேந்துர்றாங்க, கெடா வெட்டி பிரியாணி போட்டு ஊருக்கே பிரசாதமாக் குடுத்துட்டுத்தான் திரும்பிப் போறாங்க. கறிச் சாப்பாட்டுக் கடைய விட வியாபாரம் ஓடுற தொழில் எது? அவங்களுக்கு ஒரு நாள் வருமானம் போறது தெரியாதா? தெரியும். சாமிக்குன்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணதால யாருக்கும் உறுத்தல் இல்ல. நாமளுந்தான் மே 5 வணிகர் தினத்தன்னைக்கு அடைங்கன்னு வணிகர் சங்கப் பேரமைப்பு சொன்னா அடைக்கிறோம். மாநாட்டுக்கு அடைக்கத் தெரிஞ்ச நமக்கு மகளுக்கும் மகனுக்கும் அடைக்கத் தெரியாதா?

தூங்கா நகரம்னு நம்ம ஊரச் சொல்லிச் சொல்லியே நம்மளத் தூங்க விடாமப் பண்ணிட்டாங்கன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பகல் கடைக்கு நாளங்காடி, ராக்கடைக்கு அல்லங்காடின்னு ரெண்டாயிரம் வருசப் பெருமை பேசுறோம். அந்த மதுரைக்காஞ்சிங்குற சங்கப் பாட்டுலயே, ஸ்கூல்ல தமிழ் டீச்சர் நடத்துனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, ராத்திரி ரெண்டாஞ் சாமத்துல சங்கு சத்தம் அடங்கி, கடைங்க அடைச்சு, அடையும் மோதகமும் விக்கிறவங்க உக்காந்த எடத்துலயே தூங்கிப் போனாங்கன்னு மாங்குடி மருதனார் பாடியிருக்காரு. தின்பண்டம் விக்கிறவங்க தூங்குனதப் பாட்டுல வச்சிருக்காரு பாருங்க, அதுல எனக்கு ஒரு தனிப் பிரியம், நானும் தின்பண்டம் விக்கிறவதான. நம்ம ஊரு ஆண்டவ மீனாட்சிக்கே தெனமும் மத்தியானம் நட சாத்திர்றாங்க, நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க, ராத்திரி பள்ளியறை பூசை முடிச்சு தூங்கப் பண்ணிர்றாங்க. எந்த ஊர்ல இருந்து யார் வந்தாலும் நட சாத்துன நேரத்துல காத்துத்தான் கெடக்கணும். அதுக்காக கூட்டம் கொறைஞ்சிருக்கா?

இங்க ஒரு சிக்கல் இருக்கு, அத மறைக்கக் கூடாது. நம்ம கடையில வேலை பாக்குறவங்களுக்கு சட்டம் இருக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லயே வந்துருச்சு, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஒரு நாள் லீவு, 2021ல திருத்தம் கொண்டாந்து நின்னுக்கிட்டே வேலை பாக்குறவங்களுக்கு உக்கார சீட் குடுக்கணும்னும் சேத்தாங்க. எத்தன எடத்துல நடக்குதுங்குறது வேற பேச்சு, நாம ஓய்வெடுக்காததையே காரணமா வச்சு அவங்க லீவு கேட்டா மூஞ்சியத் தூக்குறோம், நானே தூக்கியிருக்கேன், அதுக்காக எங்க அக்காமார்கிட்ட மன்னிப்பும் கேட்டேன். ஆனா மொதலாளிங்குற பேருல இருக்குற நமக்கு இத்தன மணி நேரந்தான்னு சொல்ல எந்தச் சட்டமும் இல்ல. 10 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்குற கடைங்க 24 மணி நேரமும் தொறக்கலாம்னு 2019ல அரசாணை வந்துச்சு, பெரிய கடைக்காரங்க ரெண்டு ஷிப்ட், மூணு ஷிப்ட்னு ஆள் மாத்திக்கிருவாங்க, நம்மகிட்ட ஷிப்ட் மாத்த யாரு இருக்கா, காலை ஷிப்டும் நாமதான் ராத்திரி ஷிப்டும் நாமதான். அதனாலதான் சங்கத்துக்கிட்ட வாரேன். நமக்கு மேல சங்கந்தான் இருக்கு.

ஒரு நாள் அடைச்சா வட்டி யாரு கட்டுவாங்கன்னு கேக்குற தம்பிமாரு இருக்காங்க. வாரக் குழுக்கடன், தண்டல், மெஷின் இஎம்ஐ எல்லாம் எனக்கும் உண்டு, அதனால அந்தக் கேள்விய நான் லேசா எடுத்துக்க மாட்டேன். தெனம் வித்துத் தெனம் சாப்புடுற தள்ளுவண்டிக்காரங்களுக்கு இத ஒரே நாள்ல கட்டாயமாக்கச் சொல்லல. ஆனா நாம ஏன் இப்பிடி ஓடுறோம்னு யோசிச்சா பாதிக் காரணம் வெளிய நிக்கிற பாக்கி. சரக்குப் போட்டு மூணு மாசம் ஆகியும் காசு வரல, அந்த ஓட்டைய அடைக்க இன்னும் ரெண்டு மணி நேரம் கூடுதலா ஓடுறோம். 2006ல வந்த எம்எஸ்எம்இ சட்டத்துல குறு, சிறு தொழில் செய்யுறவங்ககிட்ட சரக்கு வாங்குனா எழுத்துல ஒப்பந்தம் இல்லாட்டி 15 நாள்ல, ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்ல காசு குடுத்துரணும், தவறுனா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டின்னு இருக்கு. மத்திய அரசோட உத்யம் பதிவு வச்சிருக்கவங்க ஆன்லைன்லயே புகார் போடலாம். நம்மள்ல எத்தன பேரு போட்டிருக்கோம்? தனியாப் போட்டா நாளப்பின்ன ஆர்டர் தரமாட்டாங்கன்னு பயம், அது நியாயமான பயந்தான். சங்கத்து லெட்டர் பேடுல ஒரு கடிதம் போனா பாதி எடத்துல காசு வந்துரும்னு நம்புறேன். என்னையக் கேட்டா இது லீவ விட முக்கியமான ஓய்வு, பாக்கி வந்துட்டா பாதித் தூக்கம் தானா வந்துரும்.

நான் எனக்குள்ள செஞ்சு பாத்ததச் சொல்றேன், உபயோகப்பட்டா எடுத்துக்கங்க. ஒரு வாரம் ஒரு நாப்பது பக்க நோட்டுல அரை மணிக்கு ஒருக்கா என்ன பண்றேன்னு எழுதுனேன். பாத்தா, பதினாலு மணி நேரத்துல நெஜமாவே அப்பளத்துக்குன்னு போனது ஏழோ எட்டோ மணி நேரந்தான். மிச்சம், போன்ல வர்ற குட் மார்னிங் போட்டோவுக்கு நடுவுல ஆர்டரத் தேடுறது, எங்க அந்த பில்லுன்னு தேடுறது, நேத்து அரைகுறையாப் பண்ணதத் திரும்பப் பண்றது, ஆளுங்க வேலை பாக்கும்போது சும்மா பின்னாடி நிக்கிறது. கூட நின்னாத்தான் வேலை நடக்கும்னு ஒரு நெனப்பு. மாவு பெசையுற பொறுப்ப அந்த மூத்த அக்காகிட்டயே குடுத்துட்டேன், காரம் உப்பெல்லாம் முந்துன நாள் சாயங்காலமே அளந்து பொட்டலம் கட்டி வச்சுர்றோம், ஒரு தடவைக்கு ஒரு பொட்டலம், மறதிக்கே எடமில்ல. ஆர்டர் எல்லாம் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும்தான் பாப்பேன்னு ஸ்டேட்டஸ்ல போட்டேன், பத்து நாள்ல பழகிட்டாங்க. இப்ப சாயங்காலம் ஏழு மணிக்கு மாடிப் பூட்டப் போட்டுர்றேன், சரக்கு ஒண்ணும் கொறையல. ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்குத் தனியாப் பண்ண முடியல. அதுக்குத்தான் உங்க எல்லாத்தோட கையும் வேணும்.

அதனால அண்ணாச்சி, அடுத்த மாசக் கூட்டத்துல ஒரே ஒரு விசயத்த வச்சு ஓட்டு எடுங்க. ஆடி மாசம் முகூர்த்தம் இல்ல, நம்ம மாதிரி அப்பளம், வத்தல், பாத்திரம், பத்திரிகை அடிக்கிறவங்களுக்கெல்லாம் வேலை கொறைவு. அந்த ஒரு மாசம், நாலு ஞாயித்துக்கிழமை, சங்கத்துல இருக்குற உற்பத்தி யூனிட் எல்லாம் சேந்து அடைப்போம். ஆடித் தள்ளுபடி ஓடுற ஜவுளிக்காரங்களுக்கு அது தோதுப்படாது, அவங்க வேற மாசம், வேற நாள் சொல்லட்டும், அந்தந்த வீதிக்காரங்களே பேசி முடிவெடுக்கட்டும், ஆனா ஒரு வீதின்னா ஒரு வீதி மொத்தமும். ஒரே மாதிரி ஒரு போர்டு அடிச்சு எல்லா ஷட்டர்லயும் ஒட்டுவோம், சங்க முடிவுப்படி இன்று விடுமுறைன்னு. அந்த "சங்க முடிவுப்படி"ங்குற வார்த்தை இருக்குல்ல, அதுதான் எனக்கு வேணும். அந்த மளிகைக் கடை அண்ணன் போன் போட்டா, சங்கத்துல முடிவு பண்ணிட்டோம்ணேன்னு சொல்லிட்டு நான் நிம்மதியா கறிக்கொழம்பக் கிண்டுவேன்.

அதே மாதிரி நம்ம குரூப்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல ஆர்டர் பேச்சு, மோட்டிவேஷன் வீடியோ எதுவும் போட வேணாம். பதினோரு மணிக்கு ஒருத்தரு இன்னும் பட்டறையில நிக்கிற போட்டோ போட்டா, படுத்திருக்குற இருவது பேருக்கு உறுத்துது. போடுறவரு நல்ல எண்ணத்துலதான் போடுறாரு, தெரியும். அப்பிடி ராத்திரி ராத்திரியா முழிச்சு, என்னைக்குத்தான் விடியுமோ, இருந்து என்னத்துக்குங்குற அளவுக்கு மனசு போறவங்களும் நம்மள்ல இருப்பாங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. அரசாங்கத்தோட டெலிமானஸ்னு ஒரு இலவச நம்பர் இருக்கு, 14416, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், கூட்டம் நடக்குற மண்டபத்துச் சொவத்துல அத எழுதி ஒட்டுங்க.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அந்தப் பெரியவர திரும்பவும் மேடைக்குக் கூப்புடணும்னு எனக்கு ஆசை. அவரு பேத்திக்கு வர்ற ஆவணியில காதுகுத்து வச்சிருக்காங்களாம், அன்னைக்கு என்கிட்ட சொன்னாரு. அன்னைக்கு அவரு கடைய அடைச்சா அவரு வீதிக்காரங்க எல்லாரும் ஒரு மணி நேரமாச்சும் அடைச்சுட்டுப் போயி மொய் வச்சுட்டு வாங்க. நானும் வர்றேன்.

வேற என்ன, இதுல ஏதாச்சும் அதிகப்படியா எழுதியிருந்தா பொறுத்துக்கங்க. யாருக்காவது மாத்துக் கருத்து இருந்தா எனக்குக் கூப்புடுங்க, பேசலாம். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் சாயங்காலம் ஏழு மணி வரை எப்ப வேணா எடுப்பேன். ஞாயித்துக்கிழமை, இந்த வாரத்துல இருந்து திரும்பவும் அடைச்சுப் பாக்குறேன், அன்னைக்கு மட்டும் போன் எம் பொண்ணுகிட்ட இருக்கும்.

இப்படிக்கு,
வில்லாபுரத்துல அப்பளம் போடுற உங்க தங்கச்சி